அரைப் பவுன் மோதிரம்

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் மெசஞ்சரில் வந்தான். பத்தாம் வகுப்பில் வடிவியல் என்றாலே வயிற்றுவலி வந்து வீட்டுக்குப் போய்விடுகிற ஆள். "சார், அடுத்த மாசம் நிச்சயதார்த்தம். பொண்ணுக்கு மோதிரம் வாங்கணும். எதெல்லாம் பாத்து வாங்கணும்னு சொல்லுங்க சார்" என்று கேட்டிருந்தான். நகை வாங்க ஒரு கணக்கு வாத்தியாரிடம் யோசனை கேட்கிறானே என்று முதலில் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தால், நகைக்கடையில் நடப்பது முழுக்கச் சதவீதக் கணக்குதான். ஏழாம் வகுப்புப் பாடம். அவனுக்கு நாலு வரி பதில் போடலாம் என்று உட்கார்ந்தேன். அது இவ்வளவு நீளமாகிவிட்டது. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

எங்கள் மகனுக்கு 2023 ஜூனில் நிச்சயம். மே மாதம் ஒரு புதன்கிழமை நானும் வீட்டம்மாவும் மோதிரம் வாங்க மதுரைக்குப் போனோம். கிழமையை முடிவு செய்தது அவள். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்களே, எங்களுக்கு இரண்டும் சேர்ந்து கிடைக்கட்டும் என்றாள். சவரன் 45 ஆயிரத்தைத் தாண்டி நின்ற நேரம். இன்றைய விலையைப் பார்க்கும்போது அதுகூடச் சகாயமாகத் தெரிகிறது. அன்றைக்கு நெஞ்சை அடைத்தது.

எங்கள் காலத்தில் எங்கள் பக்கம் மோதிரம் மாற்றுவது என்று தனியாக ஒரு சடங்கு கிடையாது. வெற்றிலை பாக்கு வைத்துத் தட்டு மாற்றி, பெண்ணுக்குச் சேலை கொடுத்தால் நிச்சயம் முடிந்தது. மாப்பிள்ளை விரலுக்கு மாமனார் மோதிரம் போடுவார், அவ்வளவுதான். இப்போது பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் நின்று மாற்றிக்கொள்கிறார்கள், வீடியோக்காரர் இன்னொரு தரம் போடச் சொல்கிறார், போடுகிறார்கள். நல்லதுதான். பெண் கையிலும் ஒன்று ஏறுகிறதே.

மருமகளாக வரப்போகிற பெண் மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். வீட்டம்மாவுக்கு அவள் விரலில் பெரிதாகக் கல் வைத்த மோதிரம் போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசை. மகனுக்கு வைர ஆசை. ஆய்வகத்தில் வளர்க்கும் வைரம், அதுவும் அசல் வைரம்தான், விலை குறைவு என்று போனில் படம் படமாக அனுப்பினான். அவன் சொன்னது தப்பில்லை. அதுவும் கரிமம்தான், இதுவும் கரிமம்தான். ஆனால் திருப்பிக் கொண்டுபோனால் என்ன விலைக்கு எடுப்பீர்கள் என்று ஒரு கடையில் கேட்டேன். அந்தப் பையன் சிரித்த சிரிப்பில் எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

கடைசியில் அந்தப் பெண்ணையே கேட்டுவிடலாம் என்று போன் போட்டோம். "அத்தை, கல்லே வேணாம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை கை கழுவுறேன்னு எனக்கே தெரியாது. மோதிரத்துக்கு அடியில கிருமி தங்கும், கல்லு இருந்தா கிளவுஸ் கிழியும். டூட்டில எப்படியும் கழட்டித்தான் வைக்கணும். சாதா வளையமா இருந்தா போதும்" என்றாள். வீட்டம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. எனக்கு அந்தப் பெண்ணை அப்போதே பிடித்துப் போனது.

அளவுக்கு, விரலில் நூலைச் சுற்றி, மொளியைத் தாண்டிக் கழல்கிறதா என்று பார்த்து, நீளத்தை அளந்து அனுப்பச் சொன்னேன். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. நம் ஊர் வெயிலுக்குச் சாயங்காலம் விரல் சற்று உப்பும். 52 மில்லிமீட்டர் என்று வந்தது. பையால் வகுத்தால் விட்டம் பதினாறரை. கடையில் 12-ஆம் நம்பர் என்றார்கள். மாணவனே, வட்டத்தின் சுற்றளவு எங்கே உதவும் என்று வகுப்பில் கேட்டாய் அல்லவா, இங்கே உதவும்.

தெற்கு ஆவணி மூல வீதியில் மூன்று கடை ஏறி இறங்கினோம். அவனுக்காகச் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மோதிரத்தின் உள்பக்கம் மூன்று முத்திரை இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். முக்கோணம், 22 காரட் 916 என்ற சுத்தம், அப்புறம் எண்ணும் எழுத்தும் கலந்த ஆறு இலக்க அடையாளம். 22-ஐ 24-ஆல் வகுத்துப் பார், 0.9167 வரும். அதுதான் அந்த 916. ஆறு இலக்கம் இல்லாத ஹால்மார்க் நகையை 2023 ஏப்ரல் 1 முதல் விற்கக் கூடாது. இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு மட்டும் விலக்கு உண்டு. பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியை இறக்கிக்கொண்டு, கடையில் நின்றபடியே அந்த எண்ணை அடித்துப் பார்க்கலாம். என்ன நகை, எவ்வளவு சுத்தம் என்று காட்டும். தாலிக்கு ஏதாவது எண்ணோ, வளையலுக்கு உரியதோ வந்தால் எழுந்து வந்துவிடு. கண்ணாடி போட்டும் எனக்கு அந்த எழுத்து தெரியவில்லை. லென்ஸ் கேட்டு வாங்கினேன், கொடுத்தார்கள். கேட்க வெட்கப்படக் கூடாது.

அடுத்தது சேதாரம். பெயர்தான் சேதாரம். அராவிய தூளைப் பட்டறையில் யாரும் கூட்டித் தெருவில் கொட்டுவதில்லை. 14 சதவீதம் என்று ஆரம்பித்தார்கள். 4 கிராம் மோதிரத்துக்கு 560 மில்லி. கல் இல்லை, வேலைப்பாடு இல்லை, வெறும் வளையத்துக்கு இது என்ன கணக்கு தம்பி என்று கேட்டேன். வீட்டம்மா நாற்காலியை விட்டு எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். முப்பத்தைந்து வருடமாக அவள் செய்கிற வேலை அது, தவறியதே இல்லை. 10 சதவீதத்துக்கு இறங்கினார்கள். 160 மில்லி மிச்சம். தொள்ளாயிரம் ரூபாய்க்கு மேல். மொத்தத் தொகைக்கு மேல் 3 சதவீதம் ஜி.எஸ்.டி., ஹால்மார்க்குக்கு 45 ரூபாயும் அதற்கு வரியும். கல் வைத்தது வாங்கினால் கல்லின் எடையைக் கழித்து நிகர எடைக்குத்தான் தங்க விலை போட்டிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள். மாணவனுக்கான பதில் இத்தோடு முடிந்தது. மற்றதை அவன் படிக்க வேண்டியதில்லை.

பில் போடும்போது, "பழைய தங்கம் ஏதாவது இருக்கா சார், கழிச்சுக்கலாம்" என்றார் அந்தப் பையன். நாங்கள் அதைத் திட்டமிட்டேதான் போயிருந்தோம். என் விரலில் இருந்த மோதிரம். 1988-ல் எங்கள் நிச்சயத்தன்று மாமனார் போட்டது. சின்னதாக ஒரு சிவப்புக் கல். கல் எப்போதோ விழுந்துவிட்டது, அந்தக் குழியில் சாக்பீஸ் தூள் ஏறி ஏறி வெள்ளையாகிக் கிடந்தது. ஓய்வு பெற்றாயிற்று, எனக்கு எதற்கு, மருமகள் கைக்குப் போகட்டும் என்று நான்தான் சொன்னேன். வீட்டம்மாவும் சரி என்றாள்.

அந்த மோதிரத்துக்கு ஒரு கதை உண்டு. மாமனார் பேரையூர் பக்கம் கிராமத்தில் சின்னப் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். மூன்று பெண்கள். பேச்சுவார்த்தையில் மாப்பிள்ளைக்கு ஒரு பவுன் மோதிரம் என்று சொல்லியிருந்தார்கள். சவரன் மூவாயிரத்தைத் தொடாத காலம். நிச்சயத்தன்று வந்தது அரைப் பவுன். என் அம்மா அதை மறக்கவே இல்லை. விருந்தாளி வந்தால், விசேஷம் வந்தால், ஏன், குழம்பில் உப்புக் குறைந்தால்கூட, "ஒரு பவுன்னு சொல்லி அரைப் பவுனோட நிறுத்துன வீடுதானே" என்பார். நான் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வகுப்பில் ஐம்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிற ஆள், ஒருநாளும் "விடும்மா" என்று சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம். எனக்கும் உள்ளுக்குள் அந்த அரைப் பவுன் குறை இருந்தது, அதுதான் உண்மை. 2009-ல் அம்மா போகும்வரை அந்தப் பேச்சு நிற்கவில்லை.

மோதிரம் கழலவில்லை. மொளி தடித்துவிட்டது. கடையிலேயே கை கழுவும் இடத்தில் சோப்புப் போட்டு உருவினேன். அந்த இடத்தில் தோல் வெள்ளையாக, குழந்தையின் தோல் மாதிரி இருந்தது.

இப்போதெல்லாம் உருக்கிப் பார்க்க வேண்டியதில்லை. காரட் மீட்டர் என்று ஒரு பெட்டி. எக்ஸ்ரே பாய்ச்சி ஒரு நிமிடத்தில் எவ்வளவு தங்கம், எவ்வளவு செம்பு, எவ்வளவு வெள்ளி என்று சொல்லிவிடுகிறது. எடை 3.820 கிராம். தேய்மானம் போக அது சரிதான். திரையை எங்கள் பக்கம் திருப்பினார். தங்கம் 72.

"பதினேழு காரட்டுக்குக் கொஞ்சம் மேல வருது சார். பழசுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்றார் பையன், ரொம்ப மரியாதையாக.

வாத்தியார் புத்தி, யாரும் கேட்காமலே கணக்குப் போட்டது. 3.820-இல் 72 சதவீதம், 2.750. அதை 22 காரட்டாக மாற்றினால் சரியாக மூன்று கிராம். அரைப் பவுன்கூட இல்லை. அந்த நொடியில் முதலில் எனக்குத் தோன்றியது, 'அம்மா சொன்னது சரிதான் போல' என்பது. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதுதான் தோன்றியது. அதற்கப்புறம்தான் திரும்பி வீட்டம்மாவைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை. கண்ணாடி மேஜையில் கிடந்த மோதிரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் சதவீதம் தெரியும். என் விடைத்தாள்களுக்குக் கூட்டல் போட்டுக் கொடுத்தவள்.

"அது இருக்கட்டும்ங்க, போட்டுக்கங்க" என்றாள். "புதுசுக்கு முழுசா பணமாவே குடுத்துருங்க."

கார்டைத் தேய்த்துவிட்டு வந்தோம். பெரியார் நிலையத்துக்கு நடக்கும்போதும் பேசவில்லை. வழக்கமாக அங்கே ஒரு ஜிகர்தண்டா உண்டு, அன்று இல்லை. திருமங்கலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். திருப்பரங்குன்றம் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்குமாங்க?"

"தெரிஞ்சிருக்காது. அப்ப ஹால்மார்க் ஏது? நகைக்கு அதெல்லாம் 2000-லதான் வந்துச்சு. பத்தர் உரைகல்லுல உரசிப் பாத்துச் சொன்னா அதுதான் தீர்ப்பு" என்றேன். பற்றவைக்கிற பொடியில் செம்பு கலப்பார்கள், கல் பதிக்கிற மோதிரத்தில் ஒட்டு அதிகம், பழைய நகையை உருக்கி உருக்கிச் செய்தால் ஒவ்வொரு தடவையும் பொடி சேர்ந்து மாற்றுக் குறையும், யாரும் ஏமாற்ற வேண்டும் என்றுகூட இல்லை என்று விளக்கினேன். பாடம் நடத்துவது எனக்குச் சுலபம். 'பழைய நகையை உருக்கி' என்று சொன்ன இடத்தில் அவள் என் கையைப் பிடித்தாள்.

கப்பலூர் வரும்வரை ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "நம்ம நிச்சயத்தன்னிக்கு அம்மா காதுல ஈர்க்குச்சிதாங்க இருந்துச்சு" என்றாள். "காது புண்ணாயிருச்சு, தோடு போட முடியலன்னு வந்தவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டு இருந்துச்சு. நானும் நம்புனேன். அதுக்கப்புறம் அந்தத் தோட்டை நான் பாக்கவே இல்ல."

எனக்கும் ஒன்று ஞாபகம் வந்தது. சம்பளக் கமிஷன் நிலுவை வந்த ஒரு தீபாவளிக்கு, அத்தைக்குக் கம்மல் எடுத்துத் தருகிறோம் என்று போய் நின்றோம். "காது தூந்து போச்சு மாப்ள, இனிமே எதுக்கு" என்று சிரித்துக்கொண்டே முறுக்கு எடுத்து வைத்தார். நானும் சரி என்று முறுக்கைத் தின்றுவிட்டு வந்தேன். 2014-ல் அத்தை இறந்தார். அதுவரை கவரிங்கூடப் போட்டுப் பார்த்ததில்லை.

அந்தத் தோடுதான் இந்த மோதிரம் என்பதற்கு என்னிடம் சாட்சி எதுவும் இல்லை. கேட்பதற்கும் யாரும் இல்லை. மாமனார் 2001-லேயே போய்விட்டார். அந்தப் பத்தர் யாரென்று இவளுக்கே தெரியாது. நிரூபிக்க முடியாததைக் கணக்கில் எழுதக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். இதை மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

ஊர் வந்து இறங்கும்போது, "ஒங்கம்மா பேசுனப்ப நீங்க ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று, முந்தானையைச் சரிசெய்தபடி சொன்னாள். முப்பத்தைந்து வருடத்தில் அதை ஒருமுறைதான் சொல்லியிருக்கிறாள். நான் "ஆமா" என்றேன். வேறு என்ன சொல்ல?

நிச்சயம் நல்லபடியாக நடந்தது. மோதிரம் மருமகளுக்கு அளவெடுத்த மாதிரி, அளவெடுத்ததுதானே, பொருந்தியது. இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது மோதிரத்தைக் கழற்றி, "அத்தை, இந்தாங்க" என்று கொடுத்துவிட்டுப் போவாள். இவள் அதை அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்குப் பக்கத்துக் கிண்ணத்தில் போட்டு வைப்பாள். பீரோவில் வை என்றால் கேட்பதில்லை.

போன மாதம் என் மோதிரத்தின் கல் குழியில் ஒரு சிவப்புக் கல் வைத்துக்கொண்டு வந்தேன். நூற்றைம்பது ரூபாய்க் கல். கடைக்காரர், "பழைய மோதிரத்துக்கு எதுக்கு சார் செலவு" என்றார்.

இந்தப் பதிவைப் போடலாமா என்று வீட்டம்மாவிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "பில் தொகைய மட்டும் போடாதீங்க, சொந்தக்காரங்க பாப்பாங்க" என்றாள். அதனால்தான் போடவில்லை.