இரண்டு அங்குல மணல்

கடல் மணலை யாராவது சுத்தம் செய்வார்களா? ராமேசுவரத்திலும் திருச்செந்தூரிலும் காலங்காலமாக மணலில் நடந்திருக்கிறோம். காலில் ஒட்டியதைத் தட்டிவிட்டு வந்திருக்கிறோமே தவிர, மணலைக் கழுவ வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. கடல் தன் வீட்டைத் தானே பெருக்கிக்கொள்கிறது. ஆனால் அதே கடலை ஒரு கண்ணாடித் தொட்டியில் அடைத்து, கூடத்தின் நடுவே வைத்து, விளக்கும் போட்டுவிட்டால், பெருக்குகிற வேலை நம் தலையில் வந்து விழுகிறது.

சிங்கப்பூரில் என் மகன் வீட்டில் அப்படி ஒரு தொட்டி இருக்கிறது. நாலடி நீளம், முந்நூறு லிட்டர் உப்புத் தண்ணீர், பவளம், ஏழெட்டு மீன்கள், அடியில் இரண்டு அங்குல மணல். நான் அங்கே போனால் நாலைந்து மாதம் தங்குவது வழக்கம். பகலில் வீட்டில் இருப்பவன் நான் ஒருவன்தான். ஆகவே, “அப்பா, மணலை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றதையெல்லாம் மெஷின் பார்த்துக்கொள்ளும்” என்று அவன் சொன்னபோது, ஏதோ பென்ஷன்காரனுக்குப் பொழுதுபோக்கு கொடுக்கிறான் என்றுதான் நினைத்தேன். மெஷினுக்குக் கொடுக்க முடியாத வேலை அது ஒன்றுதான் என்பது பிறகுதான் தெரிந்தது.

முதலில் அந்த மணலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது நம் ஆற்று மணல் அல்ல, சுண்ணாம்பு மணல். பவளமும் சிப்பியும் பொடிப்பொடியானது. 1836-ல் கீலிங் தீவுகளுக்குப் போன டார்வின், பவளத்தைக் கடித்துத் தின்னும் கிளிமீன்கள் சிலவற்றின் குடலைத் திறந்து பார்த்தார். உள்ளே சுண்ணாம்புச் சேறு நிரம்பியிருந்ததாம். பவளத் தீவுகளில் வெள்ளை வெளேரென்று விரிந்து கிடக்கிறதே மணல், சினிமாக்காரர்கள் டூயட் பாட ஓடுகிறார்களே, அதில் கணிசமான பங்கு கிளிமீனின் வயிற்று வழியாக வந்ததுதான். மணலே மீனின் கழிவு என்றால், அதில் சுத்தம் எது, அசுத்தம் எது? இந்தக் கேள்வியை மகனிடம் கேட்டேன். அவன் சிரித்துவிட்டு வாளியை எடுத்துக் கொடுத்தான்.

மீன் தின்றதுபோக மிஞ்சிய தீனி, எச்சம், செத்த நத்தை எல்லாம் மணலில் வந்து படிகின்றன. புதுத் தொட்டியாக இருந்தால் முதலில் காப்பிப்பொடி தூவியதுபோல் ஒரு பழுப்பு நிறம் வரும். அது வந்த வழியே போய்விடும், கவலைப்பட வேண்டியதில்லை. பொல்லாதது சிவப்பு. வெல்வெட் துணி விரித்த மாதிரி மணல்மேல் படரும். கையால் உரித்தால் தகடு தகடாக வரும். சாஸ்திரத்தில் இதற்கு நீலப்பசும் பாசி என்று பெயர், பார்க்கச் சிவப்பு. கறுப்பாக இருப்பவருக்கு வெள்ளைச்சாமி என்று பெயர் வைக்கிற நமக்கு இது ஆச்சரியமல்ல. இன்னொன்றும் சொல்கிறார்கள். இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் பூமிக்குப் பிராணவாயுவைக் கொடுத்ததே இந்த வம்சம்தானாம். நாம் விடுகிற மூச்சுக்குப் பாட்டியை ரப்பர்க் குழாயால் உறிஞ்சி வாளியில் கொட்டுகிறோம்!

உறிஞ்சுகிற வித்தை எளிது, பழக வேண்டும். ஒரு முழ நீளத்தில் அகலமான பிளாஸ்டிக் குழல். அதன் வாலில் மெல்லிய குழாய். குழாயின் மறுமுனை தரையில் உள்ள வாளியில். குழலை மணலில் செருகினால் மணல் எழும்பிச் சுழலும். அப்போது குழாயைக் கட்டைவிரலால் லேசாக நெரிக்க வேண்டும். மணல் கனமானது, கீழே இறங்கிவிடும். அழுக்கு இலேசானது, மேலே போய்விடும். முறத்தில் அரிசி புடைக்கும் பெண்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவே தேவையில்லை. விரலை விட்டால் மணலும் வாளிக்குப் போகும். அதிகம் நெரித்தால் அழுக்கும் இறங்கிவிடும். முப்பது லிட்டர் வெளியே போனதும் நிறுத்திவிட்டு, வடிகட்டிய தண்ணீரில் லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் கணக்கில் உப்பு இருக்கும்படி முந்தின நாளே கலந்து வைத்ததை ஊற்ற வேண்டும்.

ஒரு நாளில் தொட்டியில் கால்பாகம்தான். அடுத்த வாரம் அடுத்த கால்பாகம். இந்த நிதானம் எனக்குப் பிடிக்கவே இல்லை. ஒரே மூச்சில் முடித்தால் என்ன என்று கேட்டேன். மணலுக்குள் குடியிருப்பவர்களை ஒரே நாளில் காலி செய்யக் கூடாது என்றான் மகன்.

குடியிருப்பவர்கள் என்றால் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். மேல் மணலில் காற்றோட்டம் உண்டு. அங்கே இருப்பவை மீனின் கழிவிலுள்ள அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நாலைந்து அங்குலம் மணல் போட்ட தொட்டியில், காற்றே போகாத அடித்தளத்தில் வேறொரு கூட்டம் அந்த நைட்ரேட்டையும் உடைத்து வெறும் நைட்ரஜனாக்கி மேலே அனுப்புகிறது. 1961-லேயே ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர், பெரிய யந்திரம் எதுவும் இல்லாமல், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள கல்லையும் காற்றுக் குமிழியையும் வைத்தே பவளம் வளர்த்துக் காட்டி, ஒரு பத்திரிகையில் எழுதினார். அந்தக் கல்லின் உள்ளே நடப்பதும் இந்த வேலைதான். ஆனால் ஆழத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: அழுகிய முட்டை நாற்றமுள்ள கந்தக வாயு. இருக்கிற இடத்தில் இருந்தால் அது யாரையும் ஒன்றும் செய்வதில்லை.

கண்ணுக்குத் தெரிகிற வேலைக்காரர்களும் உண்டு. ஒரு ஜாதி நத்தை பகலெல்லாம் மணலில் புதைந்து, தும்பிக்கையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தீனி விழுந்தால் ஒரு நிமிஷத்தில் நாலாபுறமும் எழுந்து வரும். கடல் அட்டையும் நல்ல தோட்டிதான். மணலைத் தின்று, அதில் உள்ள சத்தை எடுத்துக்கொண்டு, வெளுத்த மணலாகக் கொடுக்கும். ராமநாதபுரம் கரையில் அதை அவித்து உலர்த்தி இந்தச் சிங்கப்பூருக்குத்தான் தலைமுறை தலைமுறையாக அனுப்பி வந்தார்கள். 2001 முதல் நம் நாட்டில் அதைப் பிடிக்கத் தடை. தொட்டியில் அது செத்தால் விஷம் கக்கி மற்றவற்றையும் கொன்றுவிடக்கூடும் என்பதால் மகன் வாங்கவில்லை.

அவன் வாங்கியது மணல் சலிக்கிற மீன். அந்த ஜாதிக்கு ஆங்கிலத்தில் கோபி என்று பெயர். என் மாமா பிள்ளை பெயர் என்பதால் மட்டுமல்ல, அதன் உழைப்பினாலும் எனக்கு அதன்மேல் பிரியம் விழுந்துவிட்டது. வெள்ளை உடம்பில் ஆரஞ்சுப் புள்ளி. வாய் நிறைய மணலை அள்ளி, உள்ளே இருக்கிற நுண்ணிய புழு பூச்சிகளை வைத்துக்கொண்டு, மணலைச் செவுள் வழியே உதிர்க்கும். விடிந்தது முதல் விளக்கு அணைகிறவரை இதே வேலை. இரண்டு மாதத்தில் மணல் பால்போல் ஆயிற்று. வருகிறவர்கள் எல்லோரும் மணலைப் புகழ்ந்தார்கள். மருமகள்தான் கவனித்தாள். “மாமா, இதன் வயிற்றைப் பாருங்கள்” என்றாள். வயிறு உள்ளே ஒட்டிப்போயிருந்தது. மணலில் தின்ன ஒன்றும் மிச்சமில்லை. அது சலித்தது சலித்ததையே மறுபடி சலித்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து நாளைக்கு இரண்டு வேளை, உறைந்த பொடி இறாலைக் கரைத்து, நீண்ட பீச்சாங்குழலால் அதன் வாயருகே மணலில் இறக்கினோம். மூன்று வாரமாயிற்று வயிறு தெரிய.

எதிர் வீட்டில் ஒரு சீனப் பெரியவர். அவரிடமும் தொட்டி உண்டு. ஐந்து அங்குல மணல், எட்டு வருஷத்துப் பழசு. அது அவர் மனைவியின் தொட்டி. அந்த அம்மாள் காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. சீனப் புத்தாண்டுக்கு முன் வீட்டைத் துப்புரவு செய்வது அவர்கள் வழக்கம். அந்த வருஷம் பிள்ளைகள் வந்து, அம்மாவின் தொட்டி பளிச்சென்று இருக்கட்டும் என்று, மணல் முழுவதையும் ஒரே பிற்பகலில் கிளறிப் புரட்டிவிட்டார்கள்.

இரவு பதினொரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. பெரியவர் வெளிச்சத்தில் நின்றார். அவர் வீட்டுக் கூடம் முழுக்க அழுகிய முட்டை நாற்றம். தண்ணீர் மசி கலந்ததுபோல் இருந்தது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. எங்களிடம் கலந்து வைத்திருந்த உப்புத் தண்ணீரையெல்லாம் வாளி வாளியாகத் தாழ்வாரத்தைக் கடந்து தூக்கிப் போனோம். இருந்த காற்றுக் குழாய்களையெல்லாம் போட்டோம். விடியும்போது இரண்டு மீன்கள் மிஞ்சின. பவளத்தில் அநேகமாக எல்லாம் போய்விட்டது. மூத்த பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பெரியவர் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. “அவள் இருந்தபோது மணலைத் தொடவே மாட்டாள். சோம்பல் என்று நான் கேலி செய்வேன்” என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

தொட்டியை எடுத்துவிடுவார் என்றுதான் எண்ணினேன். எடுக்கவில்லை. பழைய மணலை அகற்றி, மெல்லியதாகப் புது மணல் போட்டு, அந்த இரண்டு மீன்களையும் விட்டார். புது மணலில் உயிர் இல்லை. குடிவைக்க யாராவது பழைய மணல் கொடுக்க வேண்டும். எங்கள் தொட்டியில் கோபி அதிகம் தொடாத மூலையிலிருந்து ஒரு கிண்ணம் அள்ளினேன். அழுக்காகத்தான் இருந்தது. கழுவாமல் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கி, தண்ணீருக்குள் கிண்ணத்தை இறக்கி, மெதுவாகச் சாய்த்தார்.