ஆச்சிக்கு என்ன உத்தியோகம்?

யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. கீரிமலையில் கிரியை முடிந்து, வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு வருகிறவர்கள் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். அதுதான் கல்வெட்டு. இப்போது அட்டையில் நினைவு மலர் என்று போடுகிறார்கள். அதை எழுதிக் கொடுப்பது என் தொழில்.

படம், திதி வெண்பா, தேவார திருவாசகம், வாழ்க்கை வரலாறு, பிள்ளைகள் புலம்பல், பேரர் புலம்பல், வம்சாவளி, நன்றி நவிலல். இவற்றில் வெண்பாதான் கடினம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ஆண்டு, மாதம், பட்சம், திதி எல்லாம் பஞ்சாங்கத்தில் இருக்கின்றன. தளை தட்டாமல் அடுக்கினால் போதும். திவசம் திதியில்தான் வரும் என்பதால், கனடாவில் இருக்கிற மகன் அடுத்த வருடம் நாள் பார்க்க அந்த நாலு வரிதான் உதவும்.

கடினம் வாழ்க்கை வரலாறு, அதிலும் பெண்ணுடையது. ஆணுக்கு நியமனம், இடமாற்றம், ஓய்வு என்று சொல்ல ஏதாவது கிடைத்துவிடும். ஆச்சிக்கு வருவது இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய். பிறகு 'அன்பின் உறைவிடம்', 'பாசத்தின் சிகரம்'. பெயரை மாற்றிவிட்டால் ஊரில் எந்த ஆச்சிக்கும் பொருந்தும். வந்த உடனே வெட்டிவிடுவேன்.

"அம்மா ஒரு வேலைக்கும் போகேல்லை, வீட்டோடதான் இருந்தவ" என்பார் மூத்த மகன், லண்டனிலிருந்து. அவரோடு வாதாடிப் பயனில்லை. மகளைக் கூப்பிடுவேன், மகள் இல்லாவிட்டால் பக்கத்து வளவுக்காரியை. அம்மா எப்படிப்பட்டவர் என்று கேட்பதில்லை. விடிய எத்தனை மணிக்கு எழும்புவா, ரியூசன் காசு எங்கிருந்து வந்தது, சீட்டு யாரிடம் பிடித்தா என்று கேட்பேன்.

"நாலு மணிக்கு எழும்பி இடியப்பம் அவிச்சுக் கடைக்குக் குடுத்திட்டுத்தான் எங்களைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்துவா, மாஸ்ரர்."

உத்தியோகம் தெரிந்துவிட்டது. பிறகு ஒவ்வொன்றாக வரும். தை மாசி வெயிலில் பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்து ஒடியல், பனங்களியைப் பாயில் பரப்பிப் பினாட்டு, ஓலையில் கடகம், கொல்லையில் ஆடு. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத காலத்தில் ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரிபோட்டுப் பிள்ளைகளைப் படிக்க இருத்தியது, சவர்க்காரம் கிடைக்காதபோது பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் போரால் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, ஒரு தாய் இடியப்ப உரலைச் சாக்கில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு போனாராம். மீசாலையில் ஒதுங்கிய வீட்டு விறாந்தையில் அவித்து விற்றுத்தான் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார். அதை அப்படியே எழுதினேன். 'தியாகச் சுடர்' என்று சேர்க்கச் சொன்னார்கள். உரல் இருக்கச் சுடர் எதற்கு?

பேரர் புலம்பல் இன்னொரு தொல்லை. சூரிச்சில் பிறந்து, அம்மம்மாவைத் தொலைபேசித் திரையில் மட்டும் கண்ட பிள்ளை, 'உன் மடியில் தவழ்ந்தேனே' என்று விருத்தத்தில் அழக்கூடாது. "என்ன சாப்பிட்டனீ?" என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்பா என்று அந்தப் பிள்ளை சொன்னால், அதைத்தான் போடுவேன். (குடும்பச் சண்டைகளைப் போடுவதில்லை. அவை வம்சாவளிப் பக்கத்தில் யார் பெயர் விடுபடுகிறது என்பதிலேயே தெரிந்துவிடும்.)

கல்வெட்டுகளை நூலகம் எண்ணிம நூலகத்தில் வருடிச் சேர்த்து வைக்கிறார்கள். அச்சானதும் ஒரு பிரதியை அங்கே கொடுங்கள். நாளைக்கு எங்கள் பெண்கள் என்ன உழைத்துப் பிழைத்தார்கள் என்று தேடுகிறவருக்கு உதவும். இன்னொன்று: அந்தியேட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது ஓடி வராதீர்கள். எட்டாம் நாளையொட்டி வரும் எட்டுச் செலவு முடிந்த கையோடு வாருங்கள். வரும்போது மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.