பொத்தான் போட்ட பை

1850இல் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய ‘ஹவுஸ்ஹோல்டு வேர்ட்ஸ்’ இதழில் எலிசபெத் காஸ்கெல் ஒரு கதை எழுதினார். இருபது பவுண்டு வந்தது. ஏமாற்றி வாங்குகிறோமோ என்று அவருக்கே சந்தேகம். கணவர் வில்லியம் அதை நிதானமாகத் தன் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். ஆதரவற்ற பெண்களின் இல்லத்துக்கு அதில் கொஞ்சம் கொடுக்கிறேன் என்று வாக்கும் அளித்தார். தோழிக்கு எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் சொல்கிற எலிசபெத்துக்குக் கோபமே இல்லை. வேடிக்கையாகத்தான் சொல்கிறார்.

நான் தமிழ் படித்தவள். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஆங்கிலம் வாசிப்பவள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். என் சம்பளக் கணக்கின் ஏடிஎம் கார்டு அப்போது பதினோரு வருடமாக அவருடைய பர்ஸில் இருந்தது. ரகசிய எண், அவர் பிறந்த தேதி. புத்தகம் வாங்கப் பணம் கேட்டால் கொடுப்பார். “எவ்வளவு?” என்று மட்டும் கேட்பார். நல்ல மனுஷன் என்று என் அம்மாவே சொல்வாள்.

காஸ்கெல் வாழ்ந்த மான்செஸ்டர் பஞ்சாலைகளின் ஊர். ஆலைப் புகையும் பசியும் வேலைநிறுத்தமும் அவருடைய ‘மேரி பார்ட்டன்’ (1848), ‘நார்த் அண்ட் சவுத்’ நாவல்களில் இருக்கின்றன. வகுப்பில் முதலாளி, தொழிலாளி என்று பேசி முடித்துவிடுகிறோம். அந்த ஆலையில் நூற்ற பெண்ணுக்குக் கல்யாணமானால் அவள் கூலி சட்டப்படி புருஷனுடையது. அவளைப் பற்றி எழுதியவரின் கூலிக்கும் அதே சட்டம்தான். ரயில் ஓடியது, நகரங்கள் வீங்கின, இது மட்டும் அசையவில்லை. 1856இல் இதை மாற்றக் கோரி நாடாளுமன்றத்துக்குப் போன மனுவில் சுமார் 26,000 கையெழுத்துகள். காஸ்கெலும் போட்டார், பெரிய நம்பிக்கை இல்லாமல். கொஞ்சியோ அடித்தோ பிடுங்குகிறவனைச் சட்டம் என்ன செய்துவிடும் என்பது அவர் எண்ணம். அவநம்பிக்கைதான். ஆனால் வீட்டுக்குள் இருந்து பார்த்தவரின் அவநம்பிக்கை. உழைத்த காசு மனைவிக்கே என்ற சட்டம் 1870இல்தான் வந்தது. அப்போது அவர் இல்லை.

1865இல் ஹாம்ப்ஷயரில், ஹோலிபோர்ன் என்ற ஊரில், தன் எழுத்துப் பணத்தை நம்பி அவர் ஒரு வீடு வாங்கினார். கணவருக்குத் தெரியாது. மகள்களுக்குத் தெரியும். பிற்பாடு சொல்லி அவரை வியக்க வைக்கத் திட்டம். அந்த நவம்பர் 12ஆம் தேதி, அதே வீட்டில், மகள்களோடு பேசிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிட்டார். வயது 55. அன்புப் பரிசு என்கிறார்கள். இருக்கலாம். பரிசுக்கு ஏன் அத்தனை ஒளிவு என்று ஒரு மாணவி கேட்டாள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

விடைத்தாள் திருத்திய பணத்தைத் தோழி பெயரில் சீட்டுக் கட்டி, மூன்று சென்ட் மனை வாங்கியிருக்கிறேன். பத்திரம் துறை அலமாரியில், தொல்காப்பிய உரைகளுக்குப் பின்னால் இருக்கிறது. இன்னும் அவரிடம் சொல்லவில்லை.