பிள்ளையைக் காக்க வீட்டையும் தாங்க வேண்டும்
கடல் கடந்த மடல் – ஓஸ்லோவிலிருந்து

குழந்தை தன் வீட்டிலேயே பாதுகாப்பின்றி இருக்கிறது என்று கருதி அரசு அவ்வீட்டின் வாசலுக்கு வரும்போது, எல்லோருடைய கவனமும் குழந்தையின் மேல் குவிவது இயல்பே ஆயினும், அந்த வேளையில் தாய்தந்தையருக்கு யார் துணை நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அக்குழந்தையின் பிற்கால வாழ்வு பெரும்பாலும் அமைகிறது. நார்வேயில் வாழும் தமிழரிடையே இக்கேள்வி பல ஆண்டுகளாக அச்சத்தோடு பேசப்பட்டு வருகிறது. விருதுநகர் மாவட்டத்தின் பட்டாசுத் தொழிற்பகுதியில், குறிப்பாக அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இருக்கன்குடியையும் சாத்தூர் வட்டாரச் சிற்றூர்களையும் சேர்ந்த கூலிக் குடும்பங்களிடையே, இதே கேள்வி வேறு வடிவில் எழுகிறது என்பதால், இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பது பயனுடையதாகும்.

குழந்தைகள் நலனுக்கெனத் தனிச் சட்டம் கண்ட முன்னோடி நாடுகளுள் நார்வே ஒன்று. 1896இல் இயற்றப்பட்ட அதன் முதற்சட்டம் 1900இல் நடைமுறைக்கு வந்தது, பின்னர் 1953, 1992 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் அதன் இடத்தைப் பிடித்தன, இன்று 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த சட்டம் ஆள்கிறது. 'பார்னெவெர்ன்' எனப்படும் குழந்தைகள் நலச் சேவையை ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் தானே நடத்துகிறது. ஒரு குழந்தையைப் பற்றிக் கவலை தெரிவித்து ஆசிரியரோ மருத்துவரோ அண்டை வீட்டாரோ தகவல் தந்தால், அதை ஒரு வாரத்துக்குள் பரிசீலிக்க வேண்டும். விசாரணை தேவைப்படின் பொதுவாக மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும். விசாரணையின் முடிவில் குழந்தையைப் பிரிப்பதே வழக்கம் என்று வெளியில் நம்பப்படுவது சரியன்று. வீட்டுக்கு வந்து வழிகாட்டும் பணியாளர், மழலையர் பள்ளியில் இடம், பெற்றோர் சற்று மூச்சுவிடும்படி வார இறுதியில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் துணைக் குடும்பம், பொருளுதவி எனப் பல வகைப்பட்ட 'உதவி நடவடிக்கைகளே' எண்ணிக்கையில் மிகுதி. பெற்றோர் தாமே சென்று இவற்றைக் கேட்கவும் முடியும். பராமரிப்புப் பொறுப்பைப் பெற்றோரிடமிருந்து எடுத்துக்கொள்ளும் தீர்ப்பை அலுவலகம் தன்னிச்சையாக வழங்க முடியாது. நீதிமன்றம் போன்று இயங்கும் தனி வாரியமே அதை வழங்க வேண்டும், அவ்வழக்கில் பெற்றோருக்குக் கட்டணமின்றி வழக்கறிஞர் அமர்த்தப்பட வேண்டும்.

ஏட்டில் இவ்வளவு இருந்தும் புலம்பெயர்ந்தோரின் அச்சம் நீங்கவில்லை என்பதற்குக் காரணங்கள் உண்டு. 2011இல் ஸ்டாவங்கர் நகரில் வாழ்ந்த வங்காளி இணையரின் இரு குழந்தைகள் பிரிக்கப்பட்டதும், இந்திய அரசின் தலையீட்டுக்குப் பின் 2012இல் அவர்கள் தந்தைவழி உறவினரிடம் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டதும், பிறகு கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் வழியே தாயிடம் சேர்ந்ததும், 2023இல் 'மிசஸ் சாட்டர்ஜி வெர்சஸ் நார்வே' என்னும் இந்தித் திரைப்படத்துக்கு அடிப்படையாயின. அப்படத்தின் சித்திரிப்பை நார்வேத் தூதர் மறுத்தார் ஆயினும், அச்சேவை தவறே செய்யாதது என்று எவரும் கூற இயலாது. 2019 செப்டம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு, ஒரு தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குழந்தையின் வழக்கில் நார்வே குடும்ப வாழ்வுரிமையை மீறியது என்று தீர்ப்பளித்தது. 2021 டிசம்பரில், சோமாலிய முஸ்லிம் தாயின் மகன் கிறித்தவ வளர்ப்புக் குடும்பத்தில் வைக்கப்பட்டுப் பின் தத்தும் கொடுக்கப்பட்ட வழக்கிலும் அதே மீறலைக் கண்டது. குழந்தையைப் பிரித்துவிட்ட பின்னும் குடும்பத்தை மீண்டும் சேர்க்கும் முயற்சியை அரசு எளிதில் கைவிடலாகாது என்பதே இத்தீர்ப்புகளின் உட்கிடை.

தமிழ்ப் பெற்றோர் தடுமாறும் இடம் பெரும்பாலும் மொழியும் வளர்ப்புமுறையுமாகும். பிள்ளையை அடித்து வளர்ப்பதை நார்வே 1987இலேயே சட்டத்தால் விலக்கிவிட்டது. அடி என்பது கண்டிப்பின் ஒரு பகுதி என்று எண்ணி வளர்ந்தவர்களுக்கு முதல் அதிர்ச்சி அங்கே நேர்கிறது. இவ்விடயத்தில் சட்டம் நூற்றுக்கு நூறு சரியானது. அடிபட்ட பிள்ளைக்கு அது எந்த ஊர்ப் பழக்கம் என்பதில் ஆறுதல் ஏதுமில்லை. ஆனால் விசாரணைக்கு அழைக்கப்பட்ட தாய், பள்ளியில் படிக்கும் தன் மகளையே மொழிபெயர்ப்பாளராக வைத்துப் பேச நேர்ந்தால் அங்கே உண்மையும் வெளிவராது, நம்பிக்கையும் பிறக்காது. 2022இல் நடைமுறைக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் சட்டம், குழந்தைகளை இவ்வாறு பயன்படுத்துவதைத் தடைசெய்து, தகுதி பெற்றவரை அமர்த்தும் கடமையை அலுவலகங்களின் மேல் சுமத்தியிருப்பது மிக வேண்டிய திருத்தமாகும்.

இனி வைப்பாற்றங்கரைக்கு வரலாம். மழை பொய்க்கும் கரிசல் நிலம் கைவிட்ட குடும்பங்களைத் தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் ஏற்றுக்கொண்டன. 'பயர் ஆபீஸ்' என்று மக்கள் சொல்லும் ஆலைக்குப் பெரியவர்கள் செல்ல, காகிதக் குழல் சுருட்டுவது, தீப்பெட்டி ஒட்டுவது போன்ற வேலைகள் வீட்டுத் திண்ணைக்கே வந்து சேர்ந்தன. முன்பணம் வாங்கிய வீட்டில் பிள்ளையின் கையும் கணக்கில் சேர்ந்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா சிவகாசியின் குழந்தைத் தொழிலாளர் நிலையை முன்வைத்துத் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இங்கே ஊன்றிப் படிக்கத்தக்கது. குழந்தையை வேலையிலிருந்து நீக்குவதோடு அது நிற்கவில்லை. சட்டத்துக்குப் புறம்பாக வேலைக்கு வைத்த முதலாளி, ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை மறுவாழ்வு நிதியில் செலுத்த வேண்டும். அக்குழந்தையின் வீட்டில் வயதுவந்த ஒருவருக்கு ஒரு வேலையை அரசு தேடித்தர வேண்டும், இயலாவிடில் 5,000 ரூபாயைத் தன் பங்காகச் சேர்க்க வேண்டும். இந்த 25,000 ரூபாயின் வட்டி மாதந்தோறும் குடும்பத்துக்குச் செல்ல வேண்டும், பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் அது நிறுத்தப்படும்.

பிள்ளை உழைப்பதற்குக் காரணம் வீட்டின் வறுமையே என்றும், வீட்டுக்கு மாற்று வருவாய் காட்டாமல் பிள்ளையை மட்டும் மீட்பது மீட்பாகாது என்றும் நாட்டின் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட இடம் அது. அதன் குறையும் அதே கணக்கில் தெரிகிறது. ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி என்று தாராளமாகக் கொண்டாலும் குடும்பத்தின் கைக்கு வருவது மாதம் 250 ரூபாய். ஒரு பிள்ளை ஈட்டித் தந்த கூலிக்கு அது ஈடாகாது. எண்ணம் பெரிது, தொகை சிறிது.

இன்று அந்த எண்ணத்தைச் சுமப்பது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். தொழிலாளர் சட்டங்களை மீறி வேலையில் இருக்கக் காணப்படும் குழந்தை, 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' என்று அதில் வரையறுக்கப்படுவதால், பயணநேரம் நீங்கலாக 24 மணிநேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தப்பட வேண்டும். தலைவர் ஒருவரும் உறுப்பினர் நால்வரும் கொண்ட இக்குழு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் துணையோடு வீட்டுச் சூழலை ஆராய்ந்து முடிவெடுக்கிறது. குழந்தைகள் இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்றும், குடும்பத்தோடு மீண்டும் சேர்ப்பதே இல்லங்களின் முதன்மை நோக்கம் என்றும் சட்டம் சொல்கிறது. 'வாத்சல்யா' திட்டத்தின்கீழ் நிதி ஆதரவாக ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் வழங்க வழியுண்டு. சிற்றூர்க் குடும்பமாயின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேற்படக் கூடாது. தாய்தந்தையை இழந்து பாட்டி வீட்டிலோ தாய்மாமன் வீட்டிலோ வளரும் பிள்ளைக்கும் இது உரியது.

பட்டாசுத் தொழில் நடக்கும் மண்ணில் இந்தக் கடைசி வரியின் கனம் அதிகம். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டோரும், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோரும் வெடிவிபத்தில் மாண்டனர். கணவனும் மனைவியும் ஒரே ஆலைக்குச் செல்லும் வீடுகளில் ஒரு வெடி இருவரையும் கொண்டுபோய்விடும். இவ்விபத்துகளில் பெற்றோரை இழக்கும் பிள்ளைகளின் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் விருதுநகரில் முதலமைச்சர் அறிவித்து, மாவட்ட ஆட்சியரின் பொறுப்பில் 5 கோடி ரூபாய் நிதியை ஒதுக்கினார். 2025இல் தொடங்கிய 'அன்புக் கரங்கள்' திட்டம் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தருகிறது. இவை வரவேற்கத்தக்கவை.

ஆயினும் பணத்தோடு வேறொன்றும் தேவைப்படுகிறது. விசாரிக்கும் அலுவலரே உதவிக்கும் வாயிலாக இருக்கும்போது, தன் வீட்டுக் குறையை மனம்விட்டுச் சொல்லத் தாய் அஞ்சுகிறாள். கணவனின் குடியைச் சொன்னால் உதவி வருமா, பிள்ளை போய்விடுமா என்று அவளுக்குத் தெரிவதில்லை. ஓஸ்லோவின் தமிழ்த் தாயும் இருக்கன்குடியின் தாயும் இந்த ஓர் இடத்தில் ஒரே நிலையில்தான் நிற்கிறார்கள். எனவே அலுவலகத்தைச் சாராத ஒருவர் பெற்றோரின் அருகில் அமர வேண்டும். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எதுவாயினும் எந்தப் பெண்ணும் கட்டணமின்றிச் சட்ட உதவி பெறலாம். விருதுநகர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு, குழந்தைகள் நலக் குழுவின் முன் வரும் ஒவ்வொரு தாய்க்கும் இதை முதல் நாளிலேயே தெரிவித்து ஒருவரை அமர்த்துவதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை.

உறவினரை அழைப்பதும் அவ்வாறே. மவோரி மக்களின் வழக்கத்தைத் தழுவி நியூசிலாந்து 1989இல் சட்டமாக்கிய 'குடும்பக் கூட்டம்', பிள்ளையின் உற்றார் அனைவரையும் கூட்டி, பாதுகாப்புத் திட்டத்தை அவர்களையே வகுக்கச் சொல்வதாகும். நார்வேயும் அதை ஏற்றுக்கொண்டது. காதணி விழா முதல் கல்யாணம் வரை தாய்மாமன் முன்னிற்கும் ஊரில் இதற்குத் தனிப் பயிற்சி அதிகம் தேவைப்படாது. கிராம அளவில் ஏற்கெனவே அமைக்க வேண்டிய குழந்தைகள் பாதுகாப்புக் குழுவே அக்கூட்டத்தைக் கூட்டலாம்.

மற்றொன்று, தொலைவு. குழுவின் அமர்வுக்காக விருதுநகர் சென்று வரும் நாளில் கூலிக்காரத் தாய் அன்றைய சம்பளத்தை இழக்கிறாள், பேருந்துக் கட்டணமும் கொடுக்கிறாள். இல்லத்தில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கச் செல்லும் ஒவ்வொரு முறையும் அதே இழப்பு. அவள் வராமற் போனால் 'அக்கறையற்றவர்' என்று கோப்பில் எழுதுவது எளிது. மாதத்தில் சில அமர்வுகளையேனும் சாத்தூரிலும் சிவகாசியிலும் ஆலை விடுமுறை நாளில் நடத்தி, அவ்விழப்பையும் நிதி ஆதரவின் கணக்கில் சேர்ப்பது மாவட்ட நிர்வாகத்தால் இந்த ஆண்டே செய்யக்கூடியது.