காட்டுத்தீயை மறித்த திராட்சைத் தோட்டம்... கோர்பியேர் சிவப்பு ஒயினின் ருசியும் கவலையும்!

பிரான்ஸின் தெற்கே, கார்கசோன் கோட்டையைப் பார்த்துவிட்டு தென்கிழக்குப் பக்கம் காரைத் திருப்பினால், கொஞ்ச நேரத்தில் ஊர்கள் சிறுத்துவிடுகின்றன. சுண்ணாம்புப் பாறை, முள் புதர், நடுநடுவே திராட்சை. இதுதான் கோர்பியேர். ஈபிள் டவர் பிரான்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை!

வடமேற்கிலிருந்து 'செர்ஸ்' என்ற வறண்ட காற்று அடித்துக்கொண்டே இருக்கும். இலைகள் சீக்கிரம் உலர்ந்துவிடுவதால் திராட்சைக்குப் பூஞ்சை நோய் குறைவு. புதர்களில் காட்டு ரோஸ்மேரியும் தைமும் மண்டிக்கிடக்கின்றன. வெயில் ஏறினால் மலையே மணக்கும்.

இங்கு தயாராவதில் பெரும்பகுதி சிவப்பு ஒயின். 1985-ல் இதற்கு 'ஏஓசி' அங்கீகாரம் கிடைத்தது. நம்மூர் புவிசார் குறியீடு மாதிரி. ஒரே ரகத் திராட்சையில் இதைச் செய்ய முடியாது, கலப்பாக இருக்க வேண்டும். கரினியான், கிரெனாஷ், சிரா, மூர்வேத்ர் ஆகியவை முக்கிய ரகங்கள். இதில் கரினியான் முரட்டுப் பிள்ளை. புளிப்பும் துவர்ப்பும் தூக்கல். அதனால் பலர் பழத்தை நசுக்காமல், கொத்துக்கொத்தாக மூடிய தொட்டியில் கரியமில வாயு சூழப் புளிக்கவிடுகிறார்கள். துவர்ப்பு அடங்கி, பழச்சுவை முன்னே வரும்.

சுவைப்பதற்கும் முறை இருக்கிறது. 16 முதல் 18 டிகிரி குளிர்ச்சி போதும். முதலில் நிறம், பிறகு கோப்பையைச் சுழற்றி முகர்வது, கடைசியில்தான் வாய். கறுப்பு பெர்ரி, மிளகு, கூடவே அந்த மலைப் புதரின் வாசம். வரிசையாகப் பல ரகங்களைச் சுவைப்பவர்கள் எதையும் விழுங்குவதில்லை. துப்புவதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். (மது உடல்நலத்துக்குக் கேடு என்பதில் பிரான்ஸுக்கும் விதிவிலக்கு இல்லை!)

பொருத்தமான ஜோடி, 'காசுலே'. வெள்ளை பீன்ஸ், வாத்துக்கறி, பன்றி சாசேஜ் எல்லாம் மண்சட்டியில் மணிக்கணக்கில் வேகும். மேலே கட்டும் பொருக்கை ஏழு முறை உடைத்து உள்ளே அமுக்க வேண்டும் என்பது அந்த ஊர்ச் சம்பிரதாயம். ஒயினின் துவர்ப்பு நாக்கை வறட்டும். கறியின் கொழுப்பும் புரதமும் அதை மழுங்கடிக்கும். ஆட்டுக்கறி வறுவலும் சேரும். மெல்லிய மீனுக்கு இது ஆகாது, மீன் காணாமல் போய்விடும்.

இந்த மலையில்தான் 2025 ஆகஸ்ட் 5 அன்று தீ பிடித்தது. ரிபோட் கிராமத்தருகே கிளம்பி, சுமார் 16,000 ஹெக்டேரை எரித்தது. பாரிஸ் நகரத்தைவிடப் பெரிய பரப்பு! ஒரு பெண் உயிரிழந்தார்.

பல இடங்களில் தீயின் வேகம் மட்டுப்பட்டது திராட்சைத் தோட்டங்களில்தான். வரிசைகளுக்கு நடுவே உழுத மண், மேலே பச்சை இலை. எரிய அதிகம் இல்லை. ஆனால், தப்பிய பழத்துக்கும் ஆபத்து உண்டு. புகையின் சேர்மங்கள் தோல் வழியே புகுந்து சர்க்கரையோடு ஒட்டிக்கொள்ளும். பழத்தில் தெரியாது. ஒயினாக மாறி வாய்க்குள் போன பிறகுதான் சாம்பல் ருசி எட்டிப்பார்க்கும். அதனால், புகை படிந்த தோட்டக்காரர்கள் கொஞ்சம் பழத்தைத் தனியே புளிக்கவைத்துச் சுவைத்துப் பார்ப்பார்கள்; ஆய்வகத்துக்கும் அனுப்புவார்கள்.

தீக்கு முன்பே கொடிகள் குறைந்துகொண்டுதான் இருந்தன. வறட்சி ஒரு பக்கம், கட்டுப்படியாகாத விலை மறுபக்கம். 1960-களில் ஆண்டுக்குத் தலைக்கு 100 லிட்டருக்கு மேல் ஒயின் குடித்த பிரான்ஸ், இப்போது அதில் பாதிகூடக் குடிப்பதில்லை. அது உடம்புக்கு நல்லதுதான், விவசாயிக்கு அல்ல. கொடியை நிரந்தரமாகப் பிடுங்க ஹெக்டேருக்கு 4,000 யூரோ தரும் திட்டத்தை அரசே கொண்டுவந்தது.

பிடுங்கிய நிலத்தை உழாமல் விட்டால் சில வருடங்களில் புதர் ஏறிவிடும். ஒயினில் மணக்கும் அதே தைம், ரோஸ்மேரிதான். காய்ந்தால் எண்ணெய் ஊற்றியது போல எரியும்.