எந்தக் கதவைத் தட்டுவது?

லூக்கா நற்செய்தியில் ஓர் ஏழைக் கைம்பெண் வருகிறாள். அவளுடைய நகரில் நடுவர் ஒருவர் இருந்தார். அவர் கடவுளுக்கு அஞ்சாதவர், மனிதரையும் மதியாதவர். தன் வழக்கில் நீதி கேட்டு அவள் அவரிடம் நடையாய் நடந்தாள். அவரோ நெடுங்காலம் அவளைப் பொருட்படுத்தவில்லை. மனந்தளராமல் மன்றாட வேண்டும் என்பதற்கு எடுத்துக்காட்டாகவே இவ்வுவமையை மறையுரைகளில் நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். ஆட்சியைப் பற்றிய பாடம் ஒன்றும் அதில் உண்டு. கடமையைச் செய்யாத நடுவர் மீது மூண்ட சினத்தை அக்கைம்பெண் தெருவில் போவோர் மீது கொட்டவில்லை. யாரிடம் கேட்க வேண்டுமோ அவரிடமே மீண்டும் மீண்டும் போய் நின்றாள்.

உரிய ஆவணமின்றி எல்லை கடந்து வருவோரைக் குறித்துக் குடிமக்களிடையே எழும் சினம் இன்று பல நாடுகளின் அரசியலையே மாற்றி வருகிறது. 'அரசு தூங்குகிறது, நாங்கள் இழக்கிறோம்' என்பதே எங்கும் கேட்கும் முறையீடு. நம் நாட்டில் இச்சினம் மிக நீண்ட காலமாகக் கனன்றுவரும் இடம் அசாம். தமிழ்நாட்டிலிருந்து அது தொலைவில் இருக்கிறது. எனினும் அதன் வரலாறு நமக்கும் உரியது என்பதை இக்கட்டுரையின் போக்கில் காண்போம்.

நாபோத்தின் தோட்டம்

முதலில் மண்ணின் மக்களுடைய அச்சத்தைச் செவிமடுப்போம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே கிழக்கு வங்கத்தின் மைமன்சிங் போன்ற மாவட்டங்களிலிருந்து உழவர்கள் அசாமின் ஆற்றுப்படுகைகளில் குடியேறினர். நிலவரி பெருக வேண்டும் என்று விரும்பிய ஆங்கிலேய அரசு அதனை ஊக்குவித்தது. 1947இல் நாடு பிரிந்தபோது அகதிகள் வந்தனர். 1971இல் வங்கதேசப் போரின்போதும் வந்தனர். 1979இல் மங்கல்தோய் மக்களவைத் தொகுதியின் இடைத்தேர்தலுக்காக வாக்காளர் பட்டியலைத் திருத்தும்போது, ஆயிரக்கணக்கான பெயர்கள் அயல்நாட்டவருடையவை என்ற முறையீடு எழுந்தது. அதிலிருந்தே மாணவர்கள் தலைமையில் ஆறாண்டுக் கால அசாம் இயக்கம் பிறந்தது.

அவர்களுடைய அச்சம் கற்பனையில் முளைத்ததன்று. பக்கத்திலுள்ள திரிபுராவில் ஒரு காலத்தில் பெரும்பான்மையராய் வாழ்ந்த பழங்குடியினர், 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மூன்றில் ஒரு பங்கினும் குறைந்திருந்தனர். அசாமிலோ அசாமிய மொழியைத் தாய்மொழியாகப் பதிவு செய்தோர் 1991இல் 57.8 விழுக்காடு; 2011இல் 48.4 விழுக்காடு. இச்சரிவுக்குக் காரணங்கள் பல உண்டு. ஆயினும் தன் மொழி தன் ஊரிலேயே சிறுபான்மையாகிவிடும் என்று அஞ்சுகிற ஒருவனை, மொழிக்காக உயிர்நீத்தோரை நினைந்து போற்றும் தமிழராகிய நாம் எளிதில் புரிந்துகொள்ள முடியும்.

அரசர் நூலில் வரும் நாபோத்து, தன் மூதாதையரின் உரிமைச் சொத்தாகிய திராட்சைத் தோட்டத்தை ஆகாபு அரசனுக்குத் தர மறுத்தான். அதனைப் பேராசை என்றோ பகைமை என்றோ விவிலியம் சொல்லவில்லை. எனவே மண்ணையும் மொழியையும் காக்க விரும்பும் மக்களை வெறுப்பாளர் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது நீதியாகாது.

காலம் கடத்திய நடுவர்

இவ்வச்சத்துக்கு ஆட்சியாளர்கள் அளித்த மறுமொழி என்ன? 1983இல், திருத்தப்படாத பட்டியலைக் கொண்டே தேர்தலை நடத்தினார்கள். இயக்கத்தினர் புறக்கணித்தனர்; மாநிலம் பற்றி எரிந்தது. அவ்வாண்டு பிப்ரவரி 18ஆம் நாள், நெல்லி என்னும் ஊரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் சில மணி நேரத்தில் கொல்லப்பட்டோர் அரசுக் கணக்கின்படியே 2,191 பேர். வங்க வழியினரான முஸ்லிம் உழவர் குடும்பங்கள் அவை. இறந்தவருள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இக்கொலைகளுக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. விசாரணை ஆணையத்தின் அறிக்கை பல பத்தாண்டுகள் மக்கள் பார்வைக்கு வரவில்லை. நடுவரிடம் போக வேண்டிய சினம் பக்கத்துக் குடிசைக்குப் போனால் என்ன நேரும் என்பதற்கு நெல்லியே சாட்சி.

அதே 1983இல் அயல்நாட்டவரைக் கண்டறியத் தனிச் சட்டம் ஒன்று வந்தது. ஒருவர் அயல்நாட்டவர் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு, புகார் செய்தவர் மீதும் அரசின் மீதும் விழுந்தது. 2000ஆம் ஆண்டு ஏப்ரல் முடியத் தொடங்கப்பட்ட விசாரணைகள் 3,10,759. அயல்நாட்டவர் என்று முடிவு செய்யப்பட்டோர் 10,015 பேர். உண்மையில் வெளியேற்றப்பட்டோர் 1,481 பேர். இக்கணக்கைக் கண்ட உச்ச நீதிமன்றம் 2005இல் அச்சட்டத்தையே செல்லாது என்று தீர்ப்பளித்தது.

இடையே 1985 ஆகஸ்ட் 15 அன்று அசாம் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1971 மார்ச் 25 முதல் வந்தவர்கள் கண்டறியப்பட்டு வெளியேற்றப்படுவர், எல்லை காக்கப்படும் என்பவை அதன் வாக்குறுதிகள். அசாமின் பங்குக்கு வரும் எல்லை ஏறத்தாழ 263 கிலோமீட்டர்தான். ஆனால் துபுரி மாவட்டத்தில் பிரம்மபுத்திராவே எல்லையாய் ஓடுகிறது. ஒவ்வொரு வெள்ளத்திலும் மணல்திட்டுகள் இடம் மாறுகின்றன. அங்கே வேலி நாட்ட இயலாது. அந்த 61 கிலோமீட்டர் ஆற்றுப்பகுதிக்கு மின்னணுக் கண்காணிப்பு வந்தது 2019இல். அதாவது ஒப்பந்தம் கண்டு 34 ஆண்டுகள் சென்ற பின். இயக்கத்தை நடத்திய மாணவத் தலைவர்களே 1985இலும் 1996இலும் ஆட்சியில் அமர்ந்தார்கள். அவர்களாலும் சிக்கல் தீரவில்லை. தெருவில் முழங்குவது எளிது; ஒவ்வொரு மனிதரின் வழக்கையும் பொறுமையோடு ஆய்ந்து தீர்ப்பது கடினம். ஆட்சி என்பது அந்தக் கடினமான வேலைதான்.

பதிவேடும் ஏழையும்

அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அரசு செய்யாது விட்ட வேலை, பின்னர் ஒரே சுமையாக மக்கள் தலையில் இறங்கியது. உச்ச நீதிமன்றத்தின் மேற்பார்வையில், 1951ஆம் ஆண்டின் தேசியக் குடிமக்கள் பதிவேடு புதுப்பிக்கப்பட்டது. 3,30,27,661 பேர் விண்ணப்பித்தனர். 1971க்கு முன்னரே தாமோ தம் முன்னோரோ இங்கே வாழ்ந்ததற்குத் தாள் காட்ட வேண்டும். அந்த முன்னோருக்கும் தமக்கும் உள்ள உறவுக்கும் தாள் காட்ட வேண்டும். 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான இறுதிப் பட்டியலில் 19,06,657 பேர் விடுபட்டிருந்தனர்.

அவர்களுள் முஸ்லிம்களும் இந்துக்களும் இருந்தனர். வேறுபாடின்றி அனைவரையும் வருத்தியது ஏழ்மையே. பள்ளிக்குச் செல்லாமல், இளவயதில் மணமாகி வேற்றூர் சென்ற பெண்ணிடம் தந்தையின் பெயரைத் தாங்கிய சான்று எப்படி இருக்கும்? ஏறத்தாழ 48 லட்சம் பேர் ஊராட்சிச் செயலரின் சான்றிதழையே நம்பி விண்ணப்பித்தனர். 2017இல் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அவ்வாண்டு இறுதியில் உச்ச நீதிமன்றம், தக்க சரிபார்ப்புடன் ஏற்கலாம் என்றது. இன்னொரு பக்கம் ஆறு. 1950க்குப் பின் 4.27 லட்சம் எக்டேர் நிலம் அசாமின் ஆறுகளால் அரித்துச் செல்லப்பட்டிருக்கிறது என்பது அம்மாநில நீர்வளத் துறையின் கணக்கு. வீட்டோடு பெட்டியும், பெட்டியோடு பட்டாவும் ஆற்றில் போகின்றன. நிலமிழந்தவன் நகரத்துக்குக் கூலி வேலைக்கு வந்தால், 'நீ எந்த நாட்டான்?' என்று கேட்கிறார்கள்.

முப்பது ஆண்டுகள் இந்தியப் படையில் பணியாற்றிய ஒருவரே 2019இல் அயல்நாட்டவர் எனத் தீர்மானிக்கப்பட்டுத் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். பெயரின் எழுத்துப் பிழைகளையும் தேதி வேறுபாடுகளையும் காரணம் காட்டி அயல்நாட்டவராக்கப்பட்ட வேறொருவர் இந்தியரே என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைக் கேட்க அவர் உயிரோடு இல்லை. தீர்ப்பாயத்தின் முன் தம்மைக் குடிமகன் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பைக் குற்றம் சாட்டப்பட்டவர் மீதே வைத்தது 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம். 2025இல் அதற்கு மாற்றாக வந்த சட்டத்திலும் அப்பொறுப்பு இடம் மாறவில்லை. 2025இல் எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டோருள் சிலர் இந்தியரே என்று தெரியவந்து திரும்ப அழைத்துவரப்பட்டதும் நடந்தது.

இவ்வளவுக்கும் பின் மண்ணின் மக்களுக்காவது அமைதி கிட்டியதா? விடுபட்டோர் எண்ணிக்கை மிகக் குறைவு, மறுசரிபார்ப்பு வேண்டும் என்று அவர்களும் மன நிறைவின்றியே இருந்தனர். ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவான அப்பதிவேடு, ஆண்டுகள் பல கடந்தும் முறைப்படி அறிவிக்கப்படாமலே கிடந்தது. அதனால் விடுபட்டோர் மேல்முறையீடு செய்யும் வழியும் திறக்கவில்லை. முறையிட்டவருக்கும் தீர்வில்லை, குற்றம் சாட்டப்பட்டவருக்கும் தீர்வில்லை.

அகுஸ்து சீசரின் பதிவேட்டுக்காகப் பெத்லகேமுக்கு நடந்த யோசேப்பு, தாவீதின் குலத்தவர் என்று சொல்லிக்கொள்ள ஓர் ஊரையாவது உடையவராயிருந்தார். அந்த ஊரிலும் நிறைமாதப் பெண்ணுக்கு விடுதியில் இடம் கிடைக்கவில்லை. சில காலத்திலேயே அக்குடும்பம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லை கடந்து எகிப்துக்கு ஓட நேர்ந்தது. பதிவேட்டில் பெயர் எழுதச் சென்றவர்களும், எல்லை கடந்து ஓடியவர்களும் ஒரே குடும்பத்தினர்.

நம்மவர் சுமந்த பெயர்

தமிழர்க்கு இது புதிய கதையன்று. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கிய நம்மவரை 'கள்ளத்தோணி' என்று பழித்த காலம் உண்டு. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், அங்கேயே பிறந்தவனிடமும் தந்தை அங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டது. இல்லையேல் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டது. லயன் அறைகளில் பிறந்தவர்களுக்கு யார் சான்று எழுதி வைத்தார்கள்? ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் நாடற்றவராயினர். 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. அவர்களிடம் எவரும் விருப்பம் கேட்கவில்லை.

1983க்குப் பின் கடல் கடந்து வந்த ஈழத் தமிழருள் பல்லாயிரவர் தமிழ்நாட்டின் முகாம்களிலேயே முதுமை எய்தினர். அங்கே பிறந்த பிள்ளைகளும் பெற்றோராயினர். சட்டத்தின் கண்ணில் அவர்களுள் பெரும்பாலோர் நெடுங்காலம் முறையின்றிக் குடியேறியவர்களாகவே கருதப்பட்டனர். 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இடம்பெறவில்லை. மண்டபத்திலோ கும்மிடிப்பூண்டியிலோ நாம் அறிந்த முகங்களுக்கு இரங்குகிற நம் நெஞ்சு, அறியாத முகங்களுக்கு மட்டும் இறுகிவிடலாகாது.

நாம் செய்யத்தக்கவை

திருச்சபையின் போதனை இதில் தெளிவானது. வாழ வழியின்றி வருவோரை இயன்ற அளவு ஏற்கும் கடமை வளமுள்ள நாடுகளுக்கு உண்டு என்றும், பொதுநன்மையை முன்னிட்டுக் குடியேற்றத்துக்கு நிபந்தனைகள் விதிக்க அரசுகளுக்கு உரிமை உண்டு என்றும், வருவோர் ஏற்கும் நாட்டின் மரபையும் சட்டத்தையும் மதிக்கக் கடமைப்பட்டவர் என்றும் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. எல்லையைக் காப்பது பாவமன்று. உரிய விசாரணைக்குப் பின், அயல்நாட்டவர் என்று உறுதியானவரை மாண்போடு திருப்பி அனுப்புவதும் பாவமன்று. விசாரணையின்றி ஒருவரை விரட்டுவதும், மொழியையும் சமயத்தையும் கண்டு ஐயுறுவதும், அரசின் சோம்பலுக்கு ஏழையைத் தண்டிப்பதும் பாவமே.

ஆகவே நம் வேட்பாளர்கள் அயலாரைப் பழித்துக் கைதட்டல் பெறும்போது, நாம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. எல்லைக் காவலுக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்? தீர்ப்பாயங்களில் ஏழைக்கு வழக்கறிஞர் உண்டா? கையூட்டு வாங்கிப் பொய்ச் சான்று வழங்கிய அலுவலர் எவராவது தண்டிக்கப்பட்டாரா? மலிவான கூலிக்காக ஆவணமற்றவரை அமர்த்தி, பின்பு காட்டிக்கொடுத்த முதலாளியின் பெயர் செய்தியில் வருகிறதா? இக்கேள்விகளுக்கு விடை தராதவரின் தேசப்பற்றை நாம் நம்ப வேண்டியதில்லை.

பங்கு அளவில் செய்யத்தக்கவையும் உண்டு. நம் பகுதியில் கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் வந்திருக்கும் வடபுலத்துக் குடும்பங்களின் குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்று பெற்றுத் தரலாம். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடவர் தாக்கப்படுவதாகப் பொய்க் காட்சிகள் பரவியபோது எத்தனை தொழிலாளர் அஞ்சி ஊர் திரும்பினர் என்பது நினைவிருக்கும்; அத்தகைய வதந்தி நம் கைப்பேசியோடு நின்றுவிடட்டும். முகாம்வாழ் ஈழத் தமிழருக்காக நம் மக்களவை உறுப்பினருக்கு ஒரு மடல் எழுதலாம். மறுமொழி வராவிட்டால் இரண்டாவது மடலும் எழுதலாம். உவமையில் வந்த நடுவர், கைம்பெண் ஓயாமல் தொல்லை கொடுத்ததனாலேயே இறுதியில் நீதி வழங்கினார். அந்தத் தொல்லையை நம் ஆட்சியாளர்களுக்கு நாமும் கொடுப்போம்.