ரிட்டர்ன் டிக்கெட்

போன வாரம் என் மாணவன் ஒருவன் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்கே ஓடி வந்துவிட்டான்.

"சார்! இத்தாலி கான்ஃபரன்ஸுக்கு செலக்ட் ஆயிட்டேன். தங்க இடம், சாப்பாடு, பாதி டிக்கெட் அவங்களே தர்றாங்க. மீதிப் பாதிக்கு என்ன சார் பண்றது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 1998-ல் இதே கேள்வியை, இதே ஊருக்காக, நான் அப்பாவிடம் கேட்டேன்.

ஊர் பெயர் ட்ரியெஸ்தே. இத்தாலியின் வடகிழக்கு மூலையில், ஸ்லோவேனியாவை இடித்துக்கொண்டு நிற்கும் துறைமுகம். அங்கே இயற்பியலுக்கென்று ஓர் உலக மையம் இருக்கிறது. நம்மைப் போன்ற நாடுகளிலிருந்து வரும் ஆராய்ச்சி மாணவனுக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது. பல பேருக்குத் தங்குமிடமும் தருவார்கள். கையில் காசில்லாத மாணவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

மீதிப் பாதி டிக்கெட் வேண்டும்.

நம் ஊரில் ஓர் அலுவலகத்துக்கு மூன்று பிரதிகளில் விண்ணப்பம் போட்டேன். பதில் இல்லை. கடைசியில், கிளார்க்காக இருந்த அப்பா பி.எஃப். லோன் போட்டார். டிக்கெட்டை வாங்கி வந்து காட்டினேன். அந்தக் காலத்து டிக்கெட், சிவப்புக் கார்பன் படிந்த தாள் புத்தகம். முன்பின் விமானம் ஏறாத அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசித் தாளுக்குப் போனார்.

"ரிட்டர்ன் தேதி போட்டிருக்காடா?"

"போட்டிருக்குப்பா."

"சரி. போயிட்டு வா."

பிப்ரவரியில் வெனிஸில் இறங்கி ரயில் பிடித்தேன். இரண்டு மணி நேரம். வழியெல்லாம் தட்டையான வயல். கடைசிக் கொஞ்ச தூரத்தில் ரயில் மலைச்சரிவில் ஏறிக்கொள்ள, சட்டென்று வலது பக்கம் முழுக்க ஏட்ரியாட்டிக் கடல்! கீழே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த பாறைமேல் ஒரு வெள்ளைக் கோட்டை.

அது மிராமரே கோட்டை. ஆஸ்திரிய இளவரசர் மாக்ஸிமிலியன் ஆசை ஆசையாகக் கட்டியது. நிம்மதியாகக் குடியிருந்திருக்கலாம். மெக்ஸிகோவுக்குச் சக்கரவர்த்தி வேலை காலி என்று சொல்லவும் கிளம்பிப் போனார். 1867-ல் அங்கே சுட்டுக் கொன்றுவிட்டார்கள். இந்தக் கோட்டையில் படுத்துத் தூங்கியவன் அந்நிய மண்ணில்தான் சாவான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நமது இயற்பியல் மையம் அந்தக் கோட்டைத் தோட்டத்தை ஒட்டித்தான் இருக்கிறது. நல்ல சகுனம்!

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் ஒரு காற்று வரவேற்றது. 'போரா' என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். மணிக்கு 100 கிலோமீட்டரையெல்லாம் சாதாரணமாகத் தாண்டும். மக்கள் பிடித்துக்கொண்டு நடக்கத் தெருவோரம் கயிறு கட்டிய ஊர் இது. அம்மா கொடுத்தனுப்பிய குடை பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. தூக்கிப் போடக் குப்பைத்தொட்டிக்குப் போனால், அங்கே ஏற்கெனவே நாலு குடைகள் எலும்பும் தோலுமாகக் கிடந்தன.

மையத்தில் படிச்செலவுக்கென்று ஒரு கவர் கொடுத்தார்கள். பிரித்தால், லட்சக்கணக்கில் பணம்! ஒரு கணம் தலை சுற்றியது. அப்புறம்தான் உறைத்தது, அது இத்தாலிய லிரா. நம் ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 45 லிரா. ஒரு வாய் காபி ஆயிரத்துச் சொச்சம்! 2002-ல் யூரோ நோட்டு வந்து அந்த லட்சாதிபதி சுகத்தையும் ஒழித்துவிட்டது.

காபி என்றதும் இன்னொன்று. ட்ரியெஸ்தே காபி பைத்தியம் பிடித்த ஊர். இல்லி காபிக் கம்பெனி 1933-ல் பிறந்தது இங்கேதான். ஆனால் இத்தாலி முழுக்கச் செல்லும் பெயர்கள் இங்கே செல்லாது. "கபோ இன் பி" என்று கேட்க வேண்டும். பி என்றால் பிக்கியேரே, கண்ணாடி டம்ளர். அதில் கொஞ்சம் டிகாக்ஷன், மேலே கொஞ்சம் பால் நுரை. டம்ளரில் காபி! கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கோ இருக்கிறோம் என்று தோன்றிவிட்டது. ஆற்றிக் குடிக்க டபராதான் இல்லை.

அறைத் தோழன் லாகூர்ப் பையன். முதல் நாள் இருவரும் வெகு மரியாதையாக நடந்துகொண்டோம். இரண்டாம் நாள் கிரிக்கெட். மூன்றாம் நாள் ஒரே கரும்பலகையில் ஒரு கணக்கு. நான்காம் நாள் ராத்திரி, அந்த மையத்தைக் கட்டியவரின் கதையை அவன் சொன்னான்.

அப்துஸ் சலாம். ஜங் என்ற சின்ன ஊரில் வளர்ந்து, விவசாயிகளின் பிள்ளைகளுக்கான ஸ்காலர்ஷிப்பில் 1946-ல் கேம்பிரிட்ஜ் போனவர். 1951-ல் ஊரோடு இருக்க வேண்டும் என்று லாகூர் திரும்பி, கல்லூரியில் பேராசிரியரானார். ஆராய்ச்சியெல்லாம் அப்புறம், முதலில் கூடுதல் பொறுப்பு ஒன்று எடுத்துக்கொள் என்றார்கள். ஹாஸ்டல் வார்டன், கணக்கர், கால்பந்து கிளப் தலைவர்... மூன்றில் ஒன்று. சலாம் கால்பந்தை எடுத்துக்கொண்டார்.

அந்த நாட்களில் நோபல் பரிசு பெற்ற உல்ஃப்காங் பாலி பம்பாய்க்கு வந்திருந்தார். சலாமுக்கு அழைப்பு வந்தது. பேச ஆளில்லாமல் தவித்த மனிதர், லீவ் லெட்டர்கூடக் கொடுக்காமல் பம்பாய்க்குப் பறந்துவிட்டார். திரும்பி வந்தால், அனுமதியின்றிப் பணிக்கு வராத குற்றத்துக்கு விளக்கம் கேட்டார்கள்! கடைசியில் சம்பளமில்லா விடுப்பாகக் கணக்கில் எழுதி விஷயத்தை முடித்தார்கள். ஆபீஸில் 'லாஸ் ஆஃப் பே' வாங்கியவர்கள் இனி தலை நிமிர்ந்து நடக்கலாம்.

ஊரா, இயற்பியலா? இரண்டில் ஒன்றுதான் என்று ஆனது. 1954-ல் மறுபடி கேம்பிரிட்ஜுக்கே போய்விட்டார். ஆனால் அந்த முள் உள்ளேயே இருந்தது. 1960-ல் வியன்னாவில் சர்வதேச அணுசக்தி அமைப்பின் கூட்டத்தில் ஒரு யோசனை சொன்னார். ஏழை நாட்டு விஞ்ஞானி ஊரைத் துறக்காமலே வந்து, பேசி, படித்து, தெம்போடு திரும்ப ஓர் இடம் வேண்டும். 1964-ல் ட்ரியெஸ்தேயில் அது நிஜமானது. ஆறு வருஷத்தில் மூன்று முறை வந்து தங்கிவிட்டு வேலைக்குத் திரும்பலாம் என்று 'அசோசியேட்' திட்டமும் உண்டு. 1979-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது தன் பங்குப் பணம் முழுவதையும் வளரும் நாடுகளின் இயற்பியலாளர்களுக்கே ஒதுக்கினார். 1996-ல் மறைந்தார். மறு வருஷம் மையத்துக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது.

"எங்க ஊரிலே அவருக்குச் சரியான மரியாதை கிடைக்கலை" என்றான் லாகூர்ப் பையன். பிறகு விளக்கை அணைத்துவிட்டான்.

கடைசி நாள் என் போஸ்டர் முன்னால் நின்ற ஓர் ஐரோப்பியப் பேராசிரியர், "இந்தப் பக்கமே வந்துவிடேன், வேலை இருக்கிறது" என்றார். மனசு குதித்தது, பொய் சொல்லவில்லை. ராத்திரி டிக்கெட்டை எடுத்துக் கடைசித் தாளைப் பார்த்தேன். அப்பாவின் லோன் முன்னால் போகிற தாளுக்கு மட்டும் அல்லவே! திரும்பினேன். தியாகமெல்லாம் இல்லை, மறுபடி வர வழி இருக்கிறது என்ற தைரியம்தான். பின்னால் இரண்டு முறை போய்வந்தேன்.

அந்த மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மாறி மாறி அணுகுண்டு வெடித்துப் பார்த்தன. ஜூனில் லாகூரிலிருந்து ஒரு ஈமெயில். பயந்துகொண்டே திறந்தேன். ஒரே வரி. 'மூன்றாவது ஸ்டெப்பில் ஒரு மைனஸ் விட்டுவிட்டோம்.'

பார்த்தேன். விட்டுத்தான் இருந்தோம்.

அந்த அலுவலகத்தின் பதிலும் வந்தது, ஆகஸ்டில். 'பயணத் தேதி கடந்துவிட்டதால் தங்கள் விண்ணப்பம் பரிசீலனைக்கு உரியதல்ல.' இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன். என் மாணவனுக்கு முதலில் அதைத்தான் காட்டினேன். "அஞ்சு மாசம் முன்னாடியே அப்ளை பண்ணு. ஒரு இடத்தை மட்டும் நம்பாதே, நாலு இடத்துக்குப் போடு. பல பேர் போயிட்டு வந்தப்புறம்தான் பணம் தருவாங்க. அதனால பில்லு, போர்டிங் பாஸ் எதையும் தொலைக்காதே."

தலையாட்டினான். வாசல்வரை போனவன் திரும்பினான்.

"சார், அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க..."

"ரிட்டர்ன் டிக்கெட் போட்டிருக்கான்னு தானே?"

"எப்படி சார் தெரியும்?"

"போட்டிருக்குன்னு சொல்லு. குடை மட்டும் வாங்கித் தர வேண்டாம்னு சொல்லு."